34 லட்சம் கியாட் போய்விட்டது: ‘இங்கிலாந்து முதுநிலைச் சான்றிதழ்’ என்று யாராவது வந்தால் பணத்தை எடுக்காதீர்கள்

நேற்று மதியம் இங்கிலாந்தில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பிரிவிலிருந்து மின்னஞ்சல் வந்தது. இரண்டே வரி. நீங்கள் குறிப்பிடும் நிறுவனத்துக்கும் எங்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, நீங்கள் அனுப்பிய சான்றிதழ் நாங்கள் கொடுத்தது இல்லை என்று. தொழிற்சாலை லேபில் நின்றுகொண்டே படித்தேன். கையில் திரவம் அளக்கும் பிப்பெட் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தவள் அரை மணிநேரம் எழுந்திருக்கவில்லை.

34 லட்சம் கியாட். ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை. காலையில் கரண்ட் வந்ததும் முதல் வேலையாக இதை எழுதுகிறேன். இங்கே பர்மாவில், ரங்கூனில், பெகுவில், மோல்மேனில் நம் தமிழ்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர் பி.எஸ்சி. முடித்துவிட்டு அடுத்து என்ன என்று தெரியாமல் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது நாளைக்கு என்னை ஏமாற்றிய அந்த அலுவலகத்தின் படிக்கட்டில் ஏறாமல் இருக்க வேண்டும்.

நான் டகோன் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தேன். 2018-இல் முடித்தேன். சாதாரண பி.எஸ்சி. என்பதால் எம்.எஸ்சி.க்கு முன்னால் ஒரு தகுதி ஆண்டு படிக்க வேண்டும். வீட்டு நிலைமைக்கு அது முடியாது, வேலைக்குப் போய்விட்டேன். இரண்டு வருஷம் சம்பாதித்துவிட்டுத் திரும்பிப் போகலாம் என்று இருந்தேன். 2020-இல் கொரோனாவுக்குப் பல்கலைக்கழகங்களை மூடினார்கள். 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, அப்புறம் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். அதற்கப்புறம் படிப்பு என்ற பேச்சே வீட்டில் எழவில்லை.

இப்போது ரங்கூன் ஓரத்து ஹ்லைங்தயாவில் ஊறுகாயும் வினிகரும் போடும் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை. சான்றிதழ் ஒன்று கூடுதலாக இருந்தால் தாய்லாந்துப் பக்கம் போகலாம் என்று கூட வேலை செய்யும் பெண்கள் சொல்வார்கள். மகாசாயில் மீன் பதப்படுத்தும் தொழிற்சாலைகள் நிறைய. அங்கே நம் நாட்டு ஆட்களே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். லேப் வேலைக்குப் பட்டத்துக்கு மேல் ஏதாவது படித்திருந்தால் கூலி வரிசையில் நிற்க வேண்டாம். அந்த ஆசைதான் என்னை அங்கே கொண்டுபோய் விட்டது.

வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் சேர்க்கும் ஓர் அலுவலகம் அது. பெயர் எழுதவில்லை. டவுனில், மூன்றாவது மாடி, குறுகலான படிக்கட்டு. கீழே போட்டோ காப்பிக் கடை. வாட்ச்மேனிடம் கேட்டால் அவரே கையைக் காட்டுவார், அத்தனை பேர் போய் வருகிறார்கள்.

முதல் நாள் நான் சேருவதற்குப் போகவில்லை, விசாரிக்கத்தான் போனேன். உள்ளே மேஜையில் இருந்தவர் நாற்பத்தைந்து வயது இருக்கும். விண்ணப்பத் தாளில் என் பெயரைப் பார்த்தார், அதுவரை பர்மிய மொழியில் பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று தமிழுக்கு மாறினார். “நம்ம புள்ளையா! முதல்லயே சொல்லக் கூடாதா தங்கச்சி? அப்பா எந்த ஊரு?”

சொன்னேன். அப்பா பெகு, துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

“நாங்க தாட்டோன் பக்கம். பீலிக்கான் தீமிதிக்கு வருவீங்கல்ல? நான் வருஷா வருஷம் வருவேன்.”

கீழே டீக்கடைக்கு ஆள் அனுப்பி டீயும் சமோசாவும் வரவழைத்தார். நெற்றியில் விபூதி. மேஜைக் கண்ணாடிக்கு அடியில் முருகன் படம். நான் கேட்பதற்கு முன்னால் அவரே, “ஏமாத்துறவன் நெறைய பேரு இருக்கான் தங்கச்சி, அதனாலதான் நம்மாளுங்ககிட்ட நானே உக்காந்து பேசுறேன்” என்றார். எச்சரிக்கை செய்கிறவர் ஏமாற்ற மாட்டார் என்று நினைத்தேன். அந்த ஒரு நிமிஷத்தில்தான் என் 34 லட்சமும் போனது. பணம் அப்புறம் கொடுத்தேன், ஆனால் மனசு அங்கேயே கொடுத்துவிட்டது.

அவர் சொன்னதில் பாதி உண்மை என்பதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது. இங்கிலாந்தில் முதுநிலைச் சான்றிதழ் என்றால் 60 கிரெடிட், முதுநிலைப் பட்டயம் 120, முழு எம்.எஸ்சி. 180. இது நிஜம், யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். “இப்ப சான்றிதழ் முடிச்சிருங்க. பின்னாடி காசு சேர்ந்தா பட்டயம், அப்புறம் எம்.எஸ்சி. அந்த 60 எங்கயும் போகாது” என்று ஒரு தாளில் மூன்று படி வரைந்து காட்டினார். அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் அம்மாவிடமும் அதே படியை வரைந்து காட்டினேன்.

அவர் சொல்லாமல் விட்டது ஒன்று. அங்கே ஒரு கிரெடிட் என்றால் மாணவர் சுமார் 10 மணிநேரம் உழைக்க வேண்டும் என்று கணக்கு. 60 கிரெடிட்டுக்கு 600 மணிநேரம். இவர்கள் விற்றதோ எட்டு வாரப் படிப்பு. வாரத்துக்கு 75 மணிநேரம் ஆகிறது. வேலைக்குப் போய்க்கொண்டு, கரண்ட் வரும் நேரம் பார்த்துப் படிக்கும் ஒருத்தியால் அது நடக்கிற காரியமா? நேற்று ராத்திரிதான் இந்தக் கணக்கைப் போட்டேன். அன்றைக்கே போட்டிருக்க வேண்டும்.

பணம் போன விதத்தை வரிசையாகச் சொல்கிறேன். பதிவுக் கட்டணம் 3 லட்சம். அது என் சேமிப்பு. பாடக் கட்டணம் 26 லட்சம், இரண்டு தவணையாக 13, 13. முதல் 13-க்குச் சீட்டை ஏலம் எடுத்தேன். இரண்டாவது 13-க்கு அம்மா தாலிச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தார். கடையில் சங்கிலியை எடை போடும்போது அம்மா தராசைப் பார்க்கவில்லை, தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்றிலிருந்து மஞ்சள் கயிறுதான். கடைசியில் சான்றிதழுக்கும் முத்திரைக்கும் என்று 5 லட்சம். எல்லாம் போனிலேயே அனுப்பியது. நான்கு முறையும் பெறுபவர் பெயர் வேறு வேறு, நிறுவனத்தின் பெயர் ஒரு முறைகூட இல்லை. கேட்டதற்கு, “பெரிய தொகை ஒரே கணக்குல வந்தா பேங்க்ல கேள்வி கேப்பாங்க தங்கச்சி, நாட்டு நிலைமை உங்களுக்குத் தெரியாததா” என்றார். நாட்டு நிலைமை என்று சொன்னால் இங்கே எதையும் ஒத்துக்கொள்ளத்தானே பழகியிருக்கிறோம்.

படிப்பு என்று வந்தது வைபர் செயலியில் ஒரு குழுவும் பதினொரு பி.டி.எஃப். கோப்புகளும். “பயன்பாட்டு வேதியியலும் உணவுப் பகுப்பாய்வும்” என்பது தலைப்பு. நேரடி வகுப்பு என்று சொன்னது நான்கே நான்கு. அதிலும் இரண்டு நாள் ஆசிரியர் முகமே தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது. ஆய்வுக்கூடத்துக்குப் பதில் வீடியோ. ஒரு பொருளில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. கருவியை இயக்கக் கற்றுக்கொடுப்போம் என்று விளம்பரத்தில் இருந்தது. அந்த வீடியோவில் கருவியின் படத்தைத்தான் ஆறு நிமிஷம் காட்டினார்கள்.

சந்தேகம் வந்த இடத்தையும் சொல்ல வேண்டும். நான்காவது கோப்பில் வினிகரில் எவ்வளவு அமிலம் இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் சோதனை. அது என் தினசரி வேலை. பிப்பெட்டில் வினிகரை எடுத்து, தண்ணீர் விட்டு நீர்க்க வைத்து, பினாப்தலீன் என்ற நிறங்காட்டி இரண்டு சொட்டு விடுவேன். பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரம் சொட்டுச் சொட்டாக விழும். குடுவையைச் சுழற்றச் சுழற்ற ரோஜா நிறம் வரும், போகும், வரும், போகும். ஒரு சொட்டில் நின்றுவிடும். வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பார்த்தால்தான் தெரிகிற அளவுக்கு வெளிர்நிறம். அரை நிமிஷம் நிலைத்தால் அளவைக் குறித்துக்கொள்வேன். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு முறை செய்கிறேன்.

அந்தக் கோப்பில் பினாப்தலீனுக்குப் பதில் மெத்தில் ஆரஞ்சு என்ற வேறு நிறங்காட்டி போடச் சொல்லியிருந்தது. வேதியியல் படித்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய தப்பு என்று தெரியும். வினிகரில் இருப்பது அசிட்டிக் அமிலம், வலுக்குறைந்த அமிலம். அதைக் காரத்தால் நடுநிலையாக்கினால் முடிவுப் புள்ளி பி.எச். (அமில-கார அளவு) 7-க்கு மேலே போய் நிற்கும். மெத்தில் ஆரஞ்சோ 3.1-இலிருந்து 4.4-க்குள் நிறம் மாறி முடித்துவிடும். அமிலத்தில் மூன்றில் ஒரு பங்குகூடத் தீர்வதற்குள் வேலை முடிந்தது என்று காட்டும். அப்படிச் சோதித்தால் ஒரு தொட்டி நல்ல வினிகரையே அமிலம் போதாது என்று எழுதி அனுப்புவேன். ஊறுகாய் கெடாமல் இருப்பதே அந்த அமில அளவால்தான், அதையே தப்பாக அளக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

குழுவில் மரியாதையாகத்தான் கேட்டேன். “சயா (ஐயா), நாலாவது பாடத்தில் நிறங்காட்டி தவறாக இருக்கிறது போலிருக்கிறது, பினாப்தலீன்தானே வர வேண்டும்?” என்று. ஒரு மணிநேரத்தில் என் கேள்வியை அழித்துவிட்டார்கள். தனியாக ஒரு பதில் வந்தது. பாடத்திட்டம் லண்டனில் முடிவு செய்தது, அதில் கை வைக்க நமக்கு உரிமை இல்லை, சந்தேகங்களைக் குழுவில் போட்டு மற்ற மாணவர்களைக் குழப்ப வேண்டாம் என்று. அப்போது 16 லட்சம் கட்டியிருந்தேன். மீதி 18 லட்சத்தை அதற்குப் பிறகுதான் கட்டினேன். இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் பாதிப் பணம் கட்டியவர்கள் யாராவது இதைப் படிக்கலாம். பாதி போனது போகட்டும், நிறுத்திவிடுங்கள். கட்டியது வீணாகிவிடக் கூடாதே என்றுதான் நான் மேலும் கட்டினேன்.

ஜூனில் சான்றிதழ் வந்தது. கனமான தாள், தங்க நிற முத்திரை, பின்னால் அப்போஸ்டில் என்று, வெளிநாட்டில் காட்டுவதற்கான அத்தாட்சித் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. அப்பா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் பெயரை விரலால் தடவித் தடவிப் படித்தார். சாமி படத்துக்குக் கீழே வைத்தோம்.

மகாசாயில் இருக்கும் தோழி ஒருத்தி தன் கம்பெனியில் லேப் வேலை காலி என்று சொன்னாள். அனுப்பினேன். அவர்கள் நல்லவிதமாகத்தான் கேட்டார்கள். எந்தப் பல்கலைக்கழகம் இதைக் கொடுத்தது, பாடவாரியாக மதிப்பெண் தாள் எங்கே என்று. சான்றிதழை அன்றுதான் சரியாகப் பார்த்தேன். பல்கலைக்கழகத்தின் பெயர் கீழே சின்ன எழுத்தில், “கல்விசார் ஒத்துழைப்புடன்” என்ற வார்த்தைக்குப் பின்னால் இருந்தது. கொடுத்தது என்னவோ வேறு ஒரு நிறுவனம்.

அப்போது தொடங்கியது அலைச்சல். முதலில் வைபரில் கேட்டேன். பார்த்ததற்கு அடையாளம் வந்தது, பதில் வரவில்லை. இரண்டு நாள் கழித்து, மதிப்பெண் தாள் தயாராகிறது, லண்டனில் கோடை விடுமுறை என்றார்கள். அடுத்த வாரம் கேட்டால், தபாலில் இருக்கிறது. எந்தத் தபால், எண் கொடுங்கள் என்றால், மதிப்பெண் தாளுக்குத் தனிக் கட்டணம் உண்டு, நீங்கள் கட்டவில்லை. எவ்வளவு என்றால், 4 லட்சம்! அன்றைக்குத்தான் எனக்குக் கண் திறந்தது.

நேரில் போனேன். வாசல் மேஜையில் ஒரு பர்மியப் பெண், இருபது வயதுகூட இருக்காது. “சயா மஷீபூ” என்றாள். ஐயா இல்லை. மறுநாள் போனேன், சயா மஷீபூ. சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டு அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். மூட்டுவலியோடு மூன்று மாடி ஏறினார். சயா மஷீபூ. உள்ளறையிலிருந்து அவர் குரல் எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது. அப்பா ஒன்றும் பேசவில்லை, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு திரும்பி இறங்கினார்.

கடைசியாக ஒரு தடவை போனில் பிடித்தேன். ‘தங்கச்சி’ என்று கூப்பிடுவது போய்விட்டது, “இங்க பாருங்க” என்று ஆரம்பித்தார். “சான்றிதழ் குடுத்தாச்சா இல்லையா? வேலை வாங்கித் தர்றோம்னு நாங்க எழுதிக் குடுத்தோமா? நம்மாளுங்களுக்கு நல்லது செஞ்சா இதான் பலன்.” வைத்துவிட்டார். அதற்கப்புறம் என் எண்ணைத் தடுத்துவிட்டார்கள், குழுவிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். அப்புறம்தான் நேரடியாக அந்தப் பல்கலைக்கழகத்துக்கே எழுதினேன். அவர்கள் பதில்தான் நேற்று வந்தது.

34 லட்சம். எனக்கு இது எத்தனை மாதச் சம்பளம் என்று எண்ணிப் பார்க்கக்கூட இப்போது தெம்பில்லை.

அவர்கள் காட்டிய “ஆதாரங்கள்” பற்றி விவரமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், வேலைக்குக் கிளம்ப நேரமாகிவிட்டது. தெரிந்துகொண்டதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

எட்டு இலக்கத்தில் ஒரு பிரிட்டிஷ் பதிவு எண் காட்டினார்கள். யூ.கே.பி.ஆர்.என். என்பார்கள். பயிற்சி கொடுக்கும் எந்த நிறுவனமும் விண்ணப்பித்து வாங்கக்கூடிய பட்டியல் எண் அது. அங்கீகாரம் கிடையாது. கம்பெனிப் பதிவுச் சான்றும் அப்படித்தான், கட்டணம் கட்டினால் ஆன்லைனிலேயே கம்பெனி பதிவு செய்துகொள்ளலாம், அதனால் படிப்பு நடத்தும் தகுதி வந்துவிடாது. அப்போஸ்டில் தாள், அதில் கையெழுத்துப் போட்டவரின் கையெழுத்தும் முத்திரையும் நிஜம் என்று மட்டும்தான் சொல்லும். உள்ளே எழுதியிருக்கும் படிப்பு நிஜமா என்பதை அது சொல்லாது. இதற்குத்தான் 5 லட்சம் கொடுத்தேன்.

பட்டம் கொடுக்க உரிமையுள்ள அமைப்புகளின் பட்டியலைப் பிரிட்டிஷ் அரசு தன் இணையதளத்திலேயே போட்டிருக்கிறது. இங்கிலாந்துக்கு மாணவர் அலுவலகம் (ஆஃபீஸ் ஃபார் ஸ்டூடண்ட்ஸ்) என்ற ஒழுங்குமுறை அமைப்பின் பதிவேடும் இருக்கிறது. ஆஸ்திரேலியா என்று சொன்னால் அங்கே உயர்கல்வியை ஒழுங்குபடுத்தும் டெக்ஸாவின் தேசியப் பதிவேடு. இந்தியா என்று சொன்னால் பல்கலைக்கழக மானியக் குழுவான யூ.ஜி.சி., போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையே அது வெளியிடுகிறது. பத்து நிமிஷ வேலை. அப்புறம், ஏஜென்ட் கொடுத்த எண்ணுக்குப் போன் போட்டுக் கேட்காதீர்கள். பல்கலைக்கழகத்தின் சொந்த இணையதளத்துக்குப் போய், அங்கே இருக்கும் முகவரிக்கு நீங்களே எழுதுங்கள். எனக்கு ஆறு நாளில் பதில் வந்தது. சேருவதற்கு முன்னால் எழுதியிருந்தாலும் அதே ஆறு நாள்தான் ஆகியிருக்கும்.

தனி ஆள் பெயரில் பணம் அனுப்பாதீர்கள். யார் என்ன காரணம் சொன்னாலும்.

சென்னையில் இருக்கும் அத்தை மகனிடம் நேற்று ராத்திரி பேசினேன். இந்தியாவின் இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் உணவுப் பாதுகாப்பிலும் தர மேலாண்மையிலும் முதுநிலைப் பட்டயம் உண்டு, பகுப்பாய்வு வேதியியலிலும் உண்டு என்றார். அறிவியல் படிப்பு என்றால் செய்முறைக்கு எங்கே வர வேண்டும், எத்தனை நாள், எந்த லேப் என்பதை முதலில் கேள் என்றார். அந்த ஒரு கேள்வியை நான் மூன்றாவது மாடியில் கேட்கவே இல்லை. பியூரெட்டைத் திறந்து மூடும் விரலுக்கு வீடியோ பார்த்துப் பழக்கம் வராது, அது எனக்கே தெரிந்த விஷயம்.

எங்கள் வைபர் குழுவில் முப்பத்தேழு பேர் இருந்தார்கள். எட்டுப் பத்துப் பெயர்கள் நம் தமிழ்ப் பெயர்கள். பாதிப் பேருக்கு இன்னும் விஷயம் தெரியாது, சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள். உங்களில் யாராவது இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள். பணம் அனுப்பிய ரசீதுகளைப் போனிலிருந்து அழித்துவிடாதீர்கள், குழுவில் வந்த செய்திகளையும் படம் எடுத்து வையுங்கள். என்னிடம் நான்கு ரசீதுகளும், அந்த மூன்று படி வரைந்த தாளும் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குத் தெரிந்த வக்கீல் ஒருவரைப் பார்க்கப் போகிறோம். ஒருத்தியாகப் போவதைவிடப் பத்துப் பேர் ரசீதோடு போனால் அவரும் கவனித்துக் கேட்பார். சனிக்கிழமை இரவுக்குள் சொல்லுங்கள்.